தை மாதத்தில் கட்டிய எல்லை

என் வீட்டின் பின்புறம், துவைகல்லுக்குப் பக்கத்தில், பாதியாக அறுத்த பிளாஸ்டிக் கேன் ஒன்று கிடக்கிறது. முதலில் அது சமையல் எண்ணெய்க் கேன். பிறகு அதற்குச் சிவப்புச் சாயம் பூசினார்கள். அதன் பின் ஏழு மாத காலம் அது ஓர் எல்லைக் குறியாக இருந்தது. இப்போது நான் அதில் தண்ணீர் மொண்டு கறிவேப்பிலைக் கன்றுக்கும் இரண்டு செம்பருத்திச் செடிகளுக்கும் ஊற்றிவருகிறேன். என்னிடம் இருப்பது அடிப்பாதி. கைப்பிடி உள்ள மேல்பாதி வேறொருவரிடம் இருக்கிறது. என் பாதியைக் குப்பையில் போடும்படி என் மனைவி பலமுறை சொல்லிவிட்டாள். அவளுடைய அண்ணன் இந்த ஊருக்கு விட்டுச் சென்றது அது ஒன்றுதான் என்பதால், அதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்காததில் நியாயம் இருக்கிறது. நான் அதை வைத்திருப்பதிலும் நியாயம் இருக்கிறது.

என் மைத்துனரைப் பற்றி எழுதுவது எனக்கு உவப்பான செயல் அன்று. உறவினரின் குறைகளை அச்சில் ஏற்றுபவர்களை நான் மதித்ததில்லை. ஆனால் ஊரில் உலவும் கதையில் நான் தவறான இடத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறேன். சீமையிலிருந்து வந்தவர் ஊரைக் கெடுத்தார், மாஷ் தடுத்துப் பார்த்துத் தோற்றார் என்று சிலர், எனக்கு நன்மை செய்வதாக எண்ணிக்கொண்டு சொல்லிவருகிறார்கள். மாஷ் என்பது நான்தான். பாலக்காட்டுக்குக் கிழக்கே உள்ள எங்கள் பகுதியில் தமிழ் பேசுகிறவர்களும் ஆசிரியரை மலையாள வழக்கப்படி அப்படித்தான் அழைப்பார்கள். உழைத்துச் சேர்த்த நற்பெயர் எனக்குப் போதுமான அளவு இருக்கிறது. அதன் மேல் பொய்யான நற்பெயரும் வந்து சேர்வதை நான் விரும்பவில்லை.

மைத்துனர் என் மனைவிக்கு மூத்தவர். இங்கே இருந்தவரை எந்த வேலையிலும் ஓராண்டு முழுதாக நிலைத்தவர் அல்லர். அவருடைய மனைவி செவிலியர். இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் அந்த அம்மையாருக்கு வேலை கிடைத்தபோது இவரும் உடன் போனார். கிழக்குக் கடற்கரையில் ஒரு துறைமுக ஊர். அங்கே மீனை அறுத்துப் பெட்டியில் அடைக்கும் ஒரு தொழிற்கூடத்தில், ரப்பர் காலணியும் வெள்ளைத் தொப்பியுமாகக் குளிரில் நின்று வேலை செய்தார். அது இழிவான வேலை அன்று. அதை இழிவாக எண்ணியவர் அவரே. ஊருக்கு வரும்போதெல்லாம் 'மீன் ஏற்றுமதி நிர்வாகம்' என்று சொல்லிக்கொள்வார். சில ஆண்டுகளில் அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றார். அங்கே கடவுச்சீட்டு வந்தது, இங்கே இருந்த வாக்குரிமை போயிற்று. இரண்டையும் தம் உயர்வின் அடையாளமாகவே அவர் கருதினார்.

ஐரோப்பியக் கூட்டமைப்பிலிருந்து பிரிட்டன் விலகுவதா வேண்டாமா என்று அங்கே வாக்கெடுப்பு நடந்தபோது, விலகுவதற்கே அவர் வாக்களித்தார். முடிவு வெளிவந்த அன்று எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். "மாப்ள, எங்க கடலை நாங்க திருப்பி எடுத்துக்கிட்டோம்" என்றார். எங்கள் கடல் என்றார். கடலைப் பார்ப்பதற்கே இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய ஊரில் பிறந்தவர், பெட்டியும் விசாவுமாகப் போய் இறங்கிய தேசத்தின் கடலைத் தம்முடையது என்றும், அதே கடலில் தலைமுறை தலைமுறையாக வலை வீசிய அடுத்த நாட்டாரை அயலார் என்றும் சொன்னார். "இறையாண்மைன்னா அதுதான மாப்ள? நீங்கதான் காலேஜ்ல சொல்லிக் குடுத்தீங்க?" என்று வேறு கேட்டார். அரசியல் அறிவியல் கற்பித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் அந்தச் சொல்லை ஒவ்வொரு ஜூன் மாதமும் கரும்பலகையில் எழுதியவன் நான். தன் வாக்குறுதியால் தன்னைக் கட்டிக்கொள்ளும் உரிமையும் இறையாண்மையில் அடங்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாடு அதை இழப்பதில்லை, அதைச் செலுத்துகிறது என்று அவருக்கு விளக்கினேன். "அது புஸ்தகத்துல படிச்சது மாப்ள. நான் மீனைக் கையில புடிச்சவன்" என்றார். அவர் கையில் பிடித்த மீன்கள் யாவும் பிறர் பிடித்துக் கொன்ற பிறகு அவரிடம் வந்தவை என்பதை நான் சொல்லவில்லை. பெண் கொடுத்த வீட்டாரிடம் சில மரியாதைகள் உண்டு.

வெள்ளையர் பெயரைச் சொன்னதும் மயங்கி நிற்கும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. நான் பிறந்தது தேவிகுளத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். என் தந்தை அங்கே எழுத்தராக இருந்தார். துரைமார் போன பிறகு, அவர்கள் எதை விட்டுப் போனார்கள், எதை எடுத்துப் போனார்கள் என்பதை அவர் மிக நிதானமாக எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். கல்லூரி வேலை என்னைப் பாலக்காட்டுக்குக் கொண்டுவந்தது; திருமணம் இந்தக் கிராமத்தில் என்னை இருத்தியது. அதாவது, நான் பெண் எடுத்த ஊரில் குடியிருப்பவன். இதை இங்கே சொல்லிவைப்பதற்குக் காரணம் உண்டு.

எங்கள் ஊரின் விளிம்பில் ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. அணைச் சுவர் எங்கள் பக்கம், கேரளத்தில். நீர் பரந்து கிடக்கும் கிழக்குப் பாதி தமிழ்நாட்டில். இரு கரைகளிலும் மீனவர் சங்கங்கள் உண்டு. இரு சங்கங்களும் மழை தொடங்கியதும் சேர்ந்தே கட்லா, ரோகு குஞ்சுகளை விடும். மீன் முட்டையிடும் வாரங்களில் சேர்ந்தே வலையைச் சுருட்டிவைக்கும். இவற்றைவிட முக்கியமானது காற்றைப் பற்றிய வழக்கம். பாலக்காட்டுக் கணவாயின் காற்றை அறியாதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். மார்கழியிலும் தையிலும் அது கிழக்கிலிருந்து அடிக்கும்; ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து. இரண்டு பருவத்திலும் பரிசல் துடுப்புக்கு அடங்காது. ஆகவே காற்று எந்தக் கரையில் கொண்டுபோய் விடுகிறதோ அந்தக் கரையின் எடைமேடையிலேயே மீனை நிறுத்து விற்றுக்கொள்ளலாம் என்பது அணை கட்டிய காலத்திலிருந்து வந்த ஏற்பாடு. தையில் அவர்களுடைய பரிசல்கள் எங்கள் கரையில் குவியும். ஆடியில் எங்களுடையவை அவர்கள் கரையில் குவியும். யாரும் யாரையும் எந்த ஊர் என்று கேட்டதில்லை. நான் ஓய்வு பெற்றதும், மலையாளத்தில் அரசுக்கும் தமிழில் அக்கரைக்கும் கடிதம் எழுதத் தெரிந்தவன் என்பதால், எங்கள் சங்கம் என்னைக் கௌரவச் செயலாளராக வைத்துக்கொண்டது. முத்திரை என் மேசையில் இருந்தது.

பிரிட்டன் விலகி முடிந்து சில ஆண்டுகள் கழிந்திருந்தன. ஒரு மார்கழியில் மைத்துனர் வந்து சேர்ந்தார். இந்த முறை நீண்ட நாள் தங்கப் போவதாகச் சொன்னார். 'ரிட்டயர் ஆகிவிட்டேன்' என்றார், நாங்கள் வாழ்த்தினோம். தினமும் காலையில் கழுத்தில் ஒரு தொலைநோக்கியுடன் கரைக்குப் போய், மடக்கு நாற்காலியில் அமர்ந்து, எங்கள் கரைக்கு வந்து ஒதுங்கும் அக்கரைப் பரிசல்களை எண்ணினார். மார்கழியில் எண்ணினால் அவை மட்டும்தான் இருக்கும். கிழக்குக் காற்றில் எங்கள் ஆட்கள் வெகுதூரம் போவதில்லை. அவர்கள் பரிசல்களோ எல்லாம் இங்கே வந்து சேரும். எங்கள் மேடையில் வரிசை நீளும். எங்கள் ஆட்கள் கொஞ்ச நேரம் காத்து நிற்பார்கள். இதை ஒவ்வோர் ஆண்டும் கண்டவர்கள்தான் எங்கள் உறுப்பினர்கள். ஆனால் தொலைநோக்கி வைத்து ஒருவர் எண்ணிச் சொல்லும்போது, கண்டதெல்லாம் குற்றமாகத் தோன்றத் தொடங்கிற்று.

தையில் பொதுக்குழு கூடியது. மைத்துனர் உறுப்பினர் அல்லர். இந்த நாட்டின் குடிமகனும் அல்லர். என் அனுமதியின் பேரில் விருந்தினராகப் பேசினார். "நம்ம தண்ணி, நம்ம மீன், நம்ம மேடை. இதுல அவங்களுக்கென்ன வேலை?" என்று தொடங்கினார். அவர்களும் சேர்ந்துதானே குஞ்சு விடுகிறார்கள் என்று ஒருவர் கேட்டதற்கு, "குஞ்சு விட்டுட்டா மீன் அவங்களுதாயிருமா? நான் சீமையில இதே பிரச்சினையில நின்னு ஜெயிச்சவன்" என்றார். கூட்டத்தின் பின்வரிசையில் எங்கள் சங்கத்தின் மிகப் பழைய பரிசல்காரர் உட்கார்ந்திருந்தார். காற்றின் போக்கையும் மீனின் போக்கையும் அவரைப்போல் அறிந்தவர் இரு கரையிலும் இல்லை. அவர் எழுந்து நின்று, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க, சீமைல ஆடிக்காத்து அடிக்குமுங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மைத்துனரும் சிரித்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். கூட்டக் குறிப்பை எழுதியவன் நான். அந்தக் கேள்வியை நான் குறிப்பில் சேர்க்கவில்லை. வேடிக்கைப் பேச்சு என்று விட்டுவிட்டேன். அன்று அந்த அறையில் கேட்கப்பட்ட ஒரே அறிவுள்ள கேள்வி அதுதான்.

கைகள் உயர்ந்தன, அக்கரையோடு இருந்த ஏற்பாட்டிலிருந்து விலகுவது என்று முடிவாயிற்று. அன்று மாலை மைத்துனர் என் எதிரில் அமர்ந்து, "தீர்மானத்தை மாப்ள எழுதணும். நீங்க எழுதுனா கோர்ட்டுக்குப் போனாலும் நிக்கும்" என்றார். முகத்துக்கு நேரான புகழ்ச்சி. வேறு எவர் இப்படிப் பேசியிருந்தாலும் நான் எழுந்து போயிருப்பேன். ஆனால் ஓய்வு பெற்றவனின் மேசைக்கு எழுதத் தகுந்த எதுவும் பல ஆண்டுகளாக வந்திருக்கவில்லை. எழுதினேன். நீரின் நடுவே மிதவைக் கயிறு கட்டி எல்லை குறிக்கப்படும் என்பது முதல் விதி. ஒரு கரையின் பரிசல் மறுகரையில் ஒதுங்கினால், அதன் சங்கச் செயலாளர் முத்திரையிட்ட கடிதம் வந்த பிறகே அதன் மீன் எடைக்கு ஏற்கப்படும் என்பது இரண்டாவது. இக்கரையில் குடியிருப்பவர் மட்டுமே இச்சங்கத்தின் உறுப்பினராக இருக்கலாம் என்பது மூன்றாவது. முன்னுரையில் 'இறையாண்மை' என்ற சொல்லைப் பொருத்தமான இடத்தில் வைத்தேன். நான்கு முறை படித்துப் பார்த்தேன். ஒரு குற்றியலுகரம்கூடப் பிசகவில்லை. மைத்துனரின் அறியாமையை இகழும் தகுதி எனக்கு உண்டு என்று இன்றும் எண்ணுகிறேன். ஆனால் அறியாமையால் அவர் பேசியதை அறிவால் நான் எழுதினேன் என்பதால், எங்கள் இருவரில் எவர் பெரிய இகழ்ச்சிக்கு உரியவர் என்பதை வாசகர்கள் தீர்மானிக்கட்டும்.

மூன்றாவது விதி ஒரே ஒருவரை மட்டும் வெளியேற்றும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பரிசல்காரர் திருமணத்துக்குப் பிறகு அக்கரையில் மனைவியின் வீட்டில் குடியிருந்தார். தீர்மானம் சங்கப் பலகையில் ஒட்டப்பட்ட மறுநாள் காலை என் வீட்டு வாசலுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏனுங்க மாஷ், இது நீங்க எழுதுனதுதானுங்களே?"

"பொதுக்குழுவின் முடிவு அது" என்றேன்.

"கை தூக்குனவனுக்கெல்லாம் இப்பிடி எழுத வராதுங்க. எம்பட பொண்ணு படிச்சுக் காட்டுச்சுங்க. நெம்ப நல்லா இருக்குதுங்க" என்றார். அவர் குரலில் கேலி இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து மீன்பிடி பாஸை எடுத்தார். பல மழைகளில் நனைந்து காய்ந்த அட்டை. "நானு பொண்ணு எடுத்த ஊட்டுல குடியிருக்கறனுங்க. அது தப்புன்னு போட்டிருக்கறீங்க. செரி. நீங்க எங்க குடியிருக்கறீங்க?" என்றார்.

பாஸை வாசல் மதிலின் மேல் வைத்துவிட்டுப் போனார். நான் அதை எடுத்து மேசை இழுப்பறையில், முத்திரைக்கு அடியில் வைத்தேன். முத்திரையை எடுக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும்.

தீர்மானத்தின் நகல் அக்கரைக்குப் போயிற்று. அச்சங்கத்தின் செயலாளர் என் பழைய மாணவர். ஒரே வரியில் பதில் வந்தது: தங்கள் விதிகள் எமக்கும் ஏற்புடையவை, அவ்வாறே இருபுறமும் நடைபெறும். மைத்துனர் அந்தக் கடிதத்தைச் சரணடைந்த கடிதம் என்றார். சிவப்புக் கேன்களைக் கட்டிய கயிறு நீரின் குறுக்கே நீண்டது. தைக் காற்று அடங்கும்வரை அக்கரைப் பரிசல்கள் தங்கள் கரையோரமாகவே நின்றன. எங்கள் மேடையில் வரிசை இல்லை. மைத்துனர் மடக்கு நாற்காலியை மேடைக்கு அருகிலேயே போட்டுக்கொண்டு, "பாத்தீங்களா? இவ்வளவுதான் விஷயம்" என்று வருவோர் போவோரிடம் சொன்னார். பங்குனியும் சித்திரையும் காற்றில்லாத மாதங்கள். நீரும் குறைவு, மீனும் குறைவு. எல்லாம் அமைதியாக இருந்தது. அந்த அமைதியை அவர் தம் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

பிறகு மேற்குக் காற்று வந்தது.

ஆடியின் முதல் வாரத்தில் நீர் கலங்கி, மீன் மேலே வந்து, ஓராண்டின் நல்ல வேட்டை தொடங்கும். எங்கள் குடும்பங்களின் பள்ளிக் கட்டணமும் கூரை ஓடும் அந்த ஆறேழு வாரங்களை நம்பி இருப்பவை. முதல் நாளே எங்கள் பரிசல்களில் பாதி, கயிறோடும் கேன்களோடும் சேர்ந்து அக்கரையில் போய் ஒதுங்கின. அங்கே எவரும் அவர்களை ஏசவில்லை. மேடையின் நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். மீனை மட்டும் நிறுக்கவில்லை. இக்கரைச் செயலாளரின் கடிதம் வரட்டும் என்றார்கள். நான் உட்கார்ந்து எழுதினேன். ஒவ்வொரு பரிசலுக்கும் ஒரு கடிதம், ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு முத்திரை. நீரின் குறுக்கே கூப்பிடு தூரம்தான். சாலையோ அணையைச் சுற்றிச் சோதனைச் சாவடி வழியாகப் போகிறது. ஸ்கூட்டரில் கடிதம் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். வியாபாரிகளின் வண்டி புறப்பட்டுவிடும். மீனின் செவுள் வெளுத்துவிடும். ஒரு நாள் ஒரு கடிதத்தில் தேதி விட்டுப்போயிற்று. என் மாணவர் அதை மிகுந்த பணிவுடன் திருப்பி அனுப்பினார். "தேதி இல்லாத ஆவணம் ஆவணமே இல்லைன்னு நீங்கதான் சார் சொல்லிக் குடுத்தீங்க" என்று தொலைபேசியில் சொன்னார். அவர் சொன்னது சரி. நான் அதைச் சொல்லிக் கொடுத்தேன்தான்.

எங்கள் உறுப்பினர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். மைத்துனரின் விளக்கம் வேறாக இருந்தது: எங்கள் ஆட்களுக்குக் காற்றை எதிர்த்துத் துடுப்புப் போடத் தெரியவில்லை, மிதவைக் கயிறும் சரியாகக் கட்டப்படவில்லை. அதைத் தாமே பார்வையிடப் போவதாகச் சொல்லி, ஒரு காலை, எங்கள் உறுப்பினர் ஒருவரின் பரிசலில் தொலைநோக்கியோடு ஏறினார். கரையில் நின்று பார்த்தவர்கள் சொன்னார்கள்: கயிற்றை அடைவதற்கு முன்பே பரிசல் சுழலத் தொடங்கிற்றாம். கரையைப் பார்த்து அவர் கை காட்டிக்கொண்டே போனாராம். வழியனுப்புகிறவர் காட்டும் கை அன்று, நிறுத்தச் சொல்கிறவர் காட்டும் கை என்று புரிவதற்குள் அக்கரை சேர்ந்துவிட்டார்.

அந்தப் பரிசலில் இருந்த மீனுக்கான கடிதத்தை எழுதிக்கொண்டு, ஆட்டோ பிடித்து நானே போனேன். எடைமேடைக் கொட்டகையில், கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டியின் மேல், நனைந்த கால்சட்டையோடு மைத்துனர் உட்கார்ந்திருந்தார். கையில் தேநீர். அவர் எதிரில் எங்கள் ஆட்களின் கூடைகள், முந்திய நாள் கடிதம் தாமதமான கூடைகளும் சேர்த்து, வரிசையாக இருந்தன. கொட்டகை முழுதும் நாற்றம். ஓரத்தில் தன் பரிசலைக் கவிழ்த்துத் தார் பூசிக்கொண்டிருந்தவர் அந்தப் பழைய பரிசல்காரர். எங்கள் பாஸ் போனபின் அவர் அக்கரைச் சங்கத்தில் சேர்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "வாங்க மாஷ். சீமைக்காரரு நம்ம கரைக்கு வந்திருக்கறாருங்க. டீ குடுத்தமுங்க. கடுதாசி கேக்கலைங்க" என்றார். கொட்டகையில் இருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். என் மாணவர் சிரிக்கவில்லை. "ஆளுக்கு விதி இல்லைங்க சார். மீனுக்கு மட்டும்தான். இவரை நீங்க தாராளமாக் கூட்டிட்டுப் போகலாம்" என்றார்.

நான் மைத்துனரின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கூடைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே, "இதே நாத்தம்தான் மாப்ள" என்றார். எது என்று கேட்டேன். சொன்னார். அவருடைய தொழிற்கூடம் அறுத்துப் பெட்டியில் அடைத்த மீனில் பெரும்பகுதி கடலுக்கு அப்பால், ஐரோப்பியச் சந்தைக்குத்தான் போய்க்கொண்டிருந்ததாம். விலகிய பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் சான்றிதழ், ஒவ்வொரு சான்றிதழுக்கும் முத்திரை. ஓர் எழுத்து பிசகினால் லாரி துறைமுகத்திலேயே நிற்கும். நண்டும் மீனும் லாரிக்குள்ளேயே அழுகின. இரண்டு குளிர்காலம் தாக்குப்பிடித்துவிட்டுத் தொழிற்கூடத்தை மூடிவிட்டார்கள். இவர் ஓய்வு பெறவில்லை, வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய தங்கைக்குக்கூட அது தெரியாது.

"தெரிந்துமா இங்கே வந்து அதையே சொன்னீர்கள்?" என்று கேட்டேன். என் குரல் உயரவில்லை. நான் பொது இடத்தில் குரல் உயர்த்துவதில்லை.

"அங்க அவங்க சரியாச் செய்யலை மாப்ள" என்றார் அவர். "இங்க நாம சரியாச் செய்வோம்னு நெனச்சேன்."

அந்த விடையை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அறியாதவனை மன்னிக்கலாம், வகுப்பறையில் வாழ்நாள் முழுதும் செய்தது அதுதான். பொய்யனைக்கூட ஓரளவு புரிந்துகொள்ளலாம். அவனுக்கு ஏதோ ஒரு லாபம் இருக்கும். தன் சோற்றைக் கெடுத்த ஒன்றை, தோல்வி என்று ஒப்புக்கொள்ளும் ஆண்மை இல்லாததால், அடுத்தவர் சோற்றில் மறுபடி பரிசோதித்துப் பார்க்க வந்த மனிதரை எந்த வகையில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் அங்கே தொழிற்கூடத்தில் வெற்றி பெற்றவராகவே ஊரில் அறியப்பட விரும்பினார். அதற்கு விலையாக எங்கள் ஓர் ஆடி முழுதும் போயிற்று. ஆட்டோவில் திரும்பும்போது சோதனைச் சாவடியில் காவலர் எங்களை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

ஆடி முடிவதற்குள் மைத்துனர் புறப்பட்டுவிட்டார். ஓய்வூதிய விவகாரம் அவசரமாக இருப்பதாகச் சொன்னார். ஆவணியில் கூடிய பொதுக்குழுவில், தீர்மானத்தை எழுதியவன் நான் என்றும், அதை ரத்து செய்யக் கோருபவனும் நானே என்றும் எழுந்து நின்று சொன்னேன். அதையும் குறிப்பில் எழுதினேன். தையில் கேட்கப்பட்ட அந்த ஆடிக்காற்றுக் கேள்வியையும், காலம் கடந்த திருத்தமாக, அதன் கீழே சேர்த்தேன். எவரும் மறுக்கவில்லை. கயிற்றில் எஞ்சியிருந்ததை அறுத்தெடுத்தார்கள். முத்திரையைத் தலைவரிடம் ஒப்படைத்தேன்.

ஒரு காரியம் மிஞ்சியிருந்தது. பரிசல்காரருக்குப் புதிய பாஸ் எழுதி வாங்கி, பழையதையும் சேர்த்து ஓர் உறையில் வைத்திருந்தேன். கிழக்குக் காற்று தொடங்கியதும், நான் எதிர்பார்த்தபடியே, அவருடைய பரிசல் எங்கள் கரையில் வந்து ஒதுங்கிற்று. மேடையில் எங்கள் ஆட்கள் அவருக்கு வழி விட்டார்கள். மீனை நிறுத்து முடியும்வரை காத்திருந்து உறையை நீட்டினேன். பிரித்துப் பார்த்தார். பழைய அட்டையை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, புதியதைத் திருப்பிக் கொடுத்தார்.

"வேண்டாமுங்க மாஷ். அந்தக் கரைல எம்பேரை எழுதிப்போட்டாங்க. வருசத்துக்கு ரெண்டு தடவ கரை மாத்தற வயசு எனக்கில்லைங்க."

நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தும் உரிமை எனக்கு இல்லை என்பதை அவரும் அறிவார், நானும் அறிவேன். நாற்பது ஆண்டு காலம் எங்கள் கரையின் பெயரில் வலை வீசியவர் இப்போது காற்று கொண்டுவந்தால் மட்டுமே வருகிறார். எங்கள் இளையவர்கள் வலை எங்கே இறக்குவது என்று தெரியாமல் வெறும் கூடையோடு திரும்பும் நாட்களில், அவர் பெயரை யாரும் என் முன்னிலையில் சொல்வதில்லை. அதுவே அவர்கள் எனக்குக் காட்டும் மரியாதை.

மைத்துனர் இப்போதும் அழைப்பதுண்டு. சென்ற முறை, அயல்நாட்டுப் படகுகள் இன்னும் பல ஆண்டுகள் அந்நாட்டுக் கடலில் மீன் பிடிக்கலாம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டுவிட்டதாகக் கொதித்தார். "வித்துப்போட்டாங்க மாப்ள. எங்க கடலை வித்துப்போட்டாங்க" என்றார். நீங்கள் இப்போது என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன். லைன் சரியாகக் கேட்கவில்லை என்றார்.

கேனைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அன்று பாஸைத் திருப்பிக் கொடுத்த பிறகு, பரிசல்காரர் தம் பரிசலுக்குள் குனிந்து, வழியில் மிதந்து கிடந்ததாகச் சொல்லி ஒரு சிவப்புக் கேனை எடுத்தார். எல்லையில் மிச்சம் இருந்தது. வலை அறுக்கும் கத்தியால் அதை நடுவில் சுற்றி அறுத்தார். அவசரப்படாமல், அளவு பார்த்து. கைப்பிடி உள்ள பாதியைப் பரிசலுக்குள் போட்டுக்கொண்டார். உள்ளே ஏறும் தண்ணீரை இறைக்க ஆகும் என்றார். மற்றதை என் கையில் கொடுத்தார்.

"இதையாச்சும் சரிபாதியாப் பிரிச்சுக்கலாமுங்க."

பாதிக் கேனில் தண்ணீர் அதிகம் கொள்ளாது. அறுத்த விளிம்பு கையைக் கீறும். தொட்டியிலிருந்து ஒரு செடிக்கு நான்கு முறை குனிந்து மொள்ள வேண்டியிருக்கிறது. என் வயதில் அது எளிதன்று. குனிகிறேன்.